இங்கிலாந்தில் மலை ஏறப் போறீங்களா? வாசகர் கேள்வி–பதில்

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போய் வருகிற பெற்றோர்கள் கொங்கு நாட்டில் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். லண்டன் பாலம், அரண்மனை, மெழுகு பொம்மை எல்லாம் பார்த்தாச்சு, அடுத்து எங்கே என்று கேட்பவர்களுக்காக, பிள்ளை குடியிருக்கிற கவுன்ட்டியில் உயரமான இடம் எதுவோ அதைத் தேடிப் போங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கவுன்ட்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம். இங்கிலாந்தில் 48 இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: வணக்கமுங்க. ரெடிங்கில் இருக்கும் பையன் வீட்டுக்கு மே மாதம் நானும் வீட்டுக்காரம்மாவும் போகிறோம். "பெர்க்ஷயரில் வால்பரி ஹில்தான் உயரம், 297 மீட்டர், கூட்டிக்கொண்டு போகிறேன்" என்கிறான். சென்னிமலைப் படியேறிப் பழகினவங்களுக்கு அது ஒரு மலைங்களா? ஒரு நாளை வீணாக்குவானேன் என்று தோன்றுகிறது. (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

ப: போங்க, கட்டாயம் போங்க. மலை ஏறப் போகிறோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு கிளம்பாதீங்க. தென்கிழக்கு இங்கிலாந்திலேயே வால்பரிதான் உயரம், அப்படியும் உச்சிக்குப் பக்கத்திலேயே கார் நிறுத்த இடம் இருக்கிறது, மூச்சு வாங்குகிற ஏற்றம் எதுவும் கிடையாது. உச்சி ஒரு சாக்குதான். அந்தச் சாக்கில், சுற்றுலா பஸ் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு விவசாய நாட்டுக்குள் நீங்கள் நுழைகிறீர்கள். இருபுறமும் உயிர்வேலி வைத்த ஒற்றைத் தடம், நம்ம இட்டேரியில் போகிற மாதிரியே, எதிரில் டிராக்டர் வந்தால் வண்டியை எங்கே ஒதுக்குவது என்று பையன் இடம் தேடிக்கொண்டிருப்பான். அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

அங்கே போனதும் முதலில் காலடி மண்ணைப் பாருங்க. அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உண்டானது. இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் வால்பரியை மிஞ்சியது கிடையாது. பெய்கிற மழை மேலே தங்காமல் பாறைக்குள் இறங்கிவிடும், அதனால் மேட்டில் ஓடையோ வாய்க்காலோ இருக்காது, எல்லாம் அடிவாரத்தில்தான் ஊற்றாகக் கிளம்பும், ஊர்களும் அந்த ஊற்றுகளை ஒட்டியே வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் பார்க்காத நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை நேரில் பார்ப்பது பெரிய விஷயம். வழியில் சக்கிமுக்கிக் கற்கள் நிறையக் கிடக்கும். உடைந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்க: மேலே ஒரு வெள்ளைத் தோல், உள்ளே கருகருவென்று பளபளப்பு, ஓரம் பேரப்பிள்ளை விரலைக் கிழித்துவிடும் அளவுக்குக் கூர்மை. ஆதி மனிதன் கத்தியும் அம்புமுனையும் செய்தது இந்தக் கல்லில்தான்.

உச்சியைச் சுற்றி ஒரு மண்கரையும் பள்ளமும் ஓடுவதைக் கவனியுங்க. இரும்புக் காலத்துக் கோட்டை அது, பெர்க்ஷயரில் உள்ள அப்படிப்பட்ட கோட்டைகளில் பெரியது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலில் இரும்பு உருக்கி, கல்மணி செய்து வாழ்ந்தார்களே, ஏறத்தாழ அந்தக் காலத்தை ஒட்டியதுதான். இப்போது புல் மூடி, ஆடு மாடு மேய்கிறது, சொல்லாவிட்டால் வெறும் கரை என்று தாண்டிப் போய்விடுவீர்கள்.

உயரத்தைக் குறிக்க நாலடி உயரத்தில் ஒரு கான்கிரீட் தூண் நிற்கும். பாதையை விட்டு விலகி மேய்ச்சல் நிலத்துக்குள் இருப்பதால், கேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு உள்ளே போங்க. 1936-இல் நாட்டை மறுபடி அளக்கத் தொடங்கியபோது மார்ட்டின் ஹோட்டின் என்ற ராணுவ அதிகாரி வடிவமைத்த தூண் இது. நாடு முழுக்க சுமார் 6,500 கட்டினார்கள். தலையில் ஒரு பித்தளை வட்டு பதித்திருக்கும், அதில் மூன்று காடிகள், தியோடலைட் என்ற அளவைக் கருவியின் மூன்று கால்களும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக. விரலை வைத்துத் தடவிப் பாருங்க. 1802-இல் சென்னையில் வில்லியம் லாம்டன் தொடங்கிய இந்தியப் பெரும் அளவீடும் இதே முக்கோணக் கணக்குதான், குமரியிலிருந்து வடக்கே போன அந்தக் கோடு நம்ம கொங்கு நாட்டைத் தாண்டித்தான் போனது. இன்றைக்குச் செயற்கைக்கோள் அந்த வேலையைச் செய்கிறது, தூண்களுக்கு உத்தியோகம் இல்லை, ஆனால் ஒவ்வொன்றாகத் தேடிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

மேற்கே இன்னும் கொஞ்சம் நடந்தால் கூம் தூக்குமரம். 1676-இல் ஜார்ஜ் புரூமம் என்பவனும் டோரத்தி நியூமன் என்ற பெண்ணும் சேர்ந்து அவன் மனைவியையும் மகனையும் கொன்றதற்காக, இரண்டு பேருடைய உடலையும் சுற்றுவட்டாரம் முழுக்கப் பார்க்கும்படி மேட்டில் தொங்கவிட நட்டது. அந்த ஒரு தடவையோடு சரி. மரம் இற்று விழ விழ மாற்றி நட்டிருக்கிறார்கள், இப்போது நிற்பது பழைய மரம் இல்லை. வீட்டுக்காரம்மாவுக்கு மனசு ஒப்பாவிட்டால் அந்தப் பக்கம் போகாமலே திரும்பிவிடலாம், வடக்கே கென்னட் ஆற்றுச் சமவெளி தெரிகிற காட்சி கார் நிறுத்தும் இடத்திலிருந்தே கிடைக்கும். அங்கேயே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டிக் கரையில் மெர்வில் பீரங்கித் தளத்தைப் பிடிக்கப் போன 9-வது பாராசூட் பட்டாலியன், இந்த மலையடிவாரத்தில் அந்தத் தளத்தின் மாதிரியை அதே அளவில் கட்டிவைத்து இரவு பகலாக ஒத்திகை பார்த்தது. அதை நின்று படியுங்க, அவசரப்படாதீங்க.

மே மாதம் நல்ல மாதம். வானம்பாடி தலைக்கு மேலே நின்றபடியே பாடும். வால் பிளந்த செந்நிறப் பருந்துகளும் வட்டமிடும். இங்கிலாந்தில் அடியோடு இல்லாமல் போன பறவை, 1989-லிருந்து ஸ்பெயினில் இருந்து குஞ்சுகள் கொண்டுவந்து கிழக்கே சில்டர்ன் குன்றுகளில் விட்டு, அங்கிருந்து பெருகிப் பரவியவை. மேலே கடையோ கழிப்பறையோ கிடையாது. கட்டுச்சோறு கட்டிக்கோங்க, ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கோங்க, ரெடிங்கில் வெயில் அடித்தாலும் மேலே காற்று காதைப் பிடுங்கும், அம்மாவுக்கு ஒரு குல்லா அவசியம். கார் இல்லாத நாளில் போவதென்றால் ரெடிங்கிலிருந்து நியூபரி வழியாகப் போகிற ரயிலில் கின்ட்பரியில் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் நடை.

கே: அடுத்தவர் காட்டுக்குள் தாராளமாக நடந்து போகலாம் என்று எழுதியிருந்தீங்க. நான் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவன். முன்பின் தெரியாத ஆள் உள்ளே வந்தால் நான் விடுவேனா? அங்கே மட்டும் எப்படி? (பொள்ளாச்சி வாசகர்)

ப: தாராளமாக எங்கே வேண்டுமானாலும் இல்லைங்க. பொதுப்பாதை என்று பதிவான தடத்தில் மட்டும். தலைமுறை தலைமுறையாக ஊர் ஜனம் சர்ச்சுக்கும் சந்தைக்கும் நடந்த தடங்களை 1949-இல் வந்த ஒரு சட்டத்தின்படி வரைபடத்தில் ஏற்றிப் பூட்டிவிட்டார்கள். நிலம் கை மாறினாலும் பாதை மாறாது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கிறது. நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை என்றால் மஞ்சள் அம்பு, குதிரையும் சைக்கிளும் போகலாம் என்றால் நீல அம்பு, வேலி வந்தால் ஏறித் தாண்ட மரப்படி. கோதுமை விதைத்த காட்டின் நடுவே பாதை போனால், பயிருக்குள் ஒற்றையடியாகத் தடம் விட்டு வைக்க வேண்டியது விவசாயியின் கடமை. நீங்களும் வரிசையாக ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும்.

இது சும்மா கிடைத்துவிடவில்லை. டெர்பிஷயர் கவுன்ட்டியின் உச்சி கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். அந்த மேட்டுநிலத்தைப் பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி, மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளிப் பையன்களும் பெண்களும் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, பென்னி ராத்மன் என்ற இளைஞர் முன்னால் போக, தடையை மீறி ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு, ஐந்து பேருக்கு ஜெயில். வாரம் ஆறு நாள் மெஷின் சத்தத்தில் நின்றவன் ஏழாவது நாள் காற்று வாங்க மேட்டுக்குப் போகக்கூடாதா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. பஞ்சாலை வேலைக்குப் போன குடும்பங்கள் நிறைந்த நம்ம ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை. 1951-இல் அந்த வட்டாரம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 2000-இல் வந்த சட்டம் மலைமேட்டு நிலங்களிலும் தரிசுகளிலும் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமை கொடுத்தது.

விவசாயி பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மதித்து நடக்க வேண்டும். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போங்க. கன்றுக்குட்டியோடு நிற்கிற மாட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து போகாதீங்க, வருஷம்தோறும் அங்கே இதில் ஆட்கள் அடிபடுகிறார்கள், கூட நாய் இருந்தால் இன்னும் ஆபத்து. ஒரு தகவல், மாடு வைத்திருக்கிற உங்களுக்குப் பிடிக்கும்: பொதுப்பாதை போகிற நிலத்தில் பத்து மாதம் தாண்டிய பால் இனக் காளையை விட்டு வைக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பால் இனக் காளைகளுக்குக் கோபம் அதிகம் என்பது அங்கத்தியக் கணக்கு.

கே: பெண் நாட்டிங்காமில் படிக்கிறாள், பட்டமளிப்புக்குப் போகிறோம். அங்கே மலையே இல்லை என்கிறாளே? (திருப்பூர் வாசகி)

ப: சில்வர்ஹில்லுக்குப் போங்க அம்மா. அது கடவுள் படைத்த மலை இல்லை, நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு, 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சுரங்கம் மூடிய பிறகு மண் போட்டு மரம் நட்டுப் பூங்காவாக்கிவிட்டார்கள். கவுன்ட்டியின் உச்சி என்ற பட்டத்துக்கு இதற்கும் பக்கத்தில் நியூட்டன்வுட் லேன் அருகே இருக்கிற இயற்கை மேட்டுக்கும் மிகச் சிறிய வித்தியாசத்தில் போட்டி. நீங்கள் சில்வர்ஹில்லையே பாருங்க, ஏனென்றால் அங்கே மேலே விளக்கைப் பிடித்துக்கொண்டு விஷவாயு இருக்கிறதா என்று சோதிக்கும் சுரங்கத் தொழிலாளியின் வெண்கலச் சிலை இருக்கிறது, சிலையைச் சுற்றி அந்தக் கவுன்ட்டியில் இருந்த சுரங்கங்களின் பெயர்கள். ஒரு தொழிலை நம்பி ஒரு ஊரே வாழ்ந்து, அந்தத் தொழில் போய்விட்டால் என்ன ஆகும் என்பது திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்புறம் இன்னொன்று: பின்னல் எந்திரத்தை 1589-இல் கண்டுபிடித்த வில்லியம் லீ நாட்டிங்காம்ஷயர் கால்வர்ட்டன் ஊர்க்காரர். நம்ம பனியன் தொழிலுக்கே மூலம் அங்கேதான்.

கே: பழைய அட்லஸில் யார்க்ஷயரின் உயரமான இடம் மிக்கிள் ஃபெல் என்று இருக்கிறது, இப்போது வெர்ன்சைடு என்கிறார்கள். மலை தேய்ந்துவிட்டதா? (நாமக்கல் ஆசிரியர்)

ப: மலை அப்படியே இருக்கிறது, கோடுதான் நகர்ந்தது. 1974-இல் கவுன்ட்டி எல்லைகளை மாற்றிப் போட்டார்கள். 788 மீட்டர் மிக்கிள் ஃபெல் டர்ஹாம் பக்கம் போனது, வடக்கு யார்க்ஷயருக்கு 736 மீட்டர் வெர்ன்சைடு மிஞ்சியது. லங்காஷயருக்கும் இதே கதி, அதன் உச்சியாக இருந்த ஓல்ட் மேன் ஆஃப் கானிஸ்டன் புதிதாகப் பிறந்த கம்பிரியாவுக்குப் போய்விட்டது. உங்களுக்கு இது புதிதா என்ன? 1997-இல் சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்தபோது கொல்லிமலை உங்களோடு வந்தது, ஏற்காடு அங்கேயே நின்றது. கோயம்புத்தூரிலிருந்து 1979-இல் ஈரோடு, 2009-இல் திருப்பூர் என்று நம் பக்கத்துக் கணக்கும் நீளம். அங்கே இன்னும் பழைய எல்லைப்படியே உச்சிகளை எண்ணுகிறவர்கள் ஒரு சாரார், புது எல்லைப்படி எண்ணுகிறவர்கள் ஒரு சாரார். என்னைக் கேட்டால் இரண்டு பட்டியலையும் வைத்துக்கொள்ளலாம், கூடுதலாகச் சில மலைகள் பார்த்த மாதிரி ஆயிற்று. உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு நம் மாவட்டங்களை வைத்தே இதைச் சொல்லிக்கொடுங்க.

கே: லீட்ஸில் எம்.எஸ். படிக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர்களோடு இங்கிலாந்தின் உயரமான மலையான ஸ்காஃபெல் பைக் ஏறலாம் என்று திட்டம். நாங்கள் எல்லோரும் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர்கள். ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா? (ஈரோட்டுத் தம்பி)

ப: வேண்டாம் தம்பி. டிசம்பரில் வேண்டவே வேண்டாம். உங்கள் கால் வலுவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. வெள்ளியங்கிரி ஏறியவனுக்கு 978 மீட்டர் பெரிதில்லை. அங்கே ஆளைக் கொல்வது உயரம் இல்லை, ஈரமும் குளிரும் இருட்டும். மதியம் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் பொழுது இறங்கிவிடும். அடிவாரத்து சீத்வெயிட் இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கிற ஊர்களிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர். உச்சி முழுக்கப் பெரிய பெரிய பாறாங்கல் பரப்பு, பனி உறைந்தால் கால் வைத்த இடமெல்லாம் சறுக்கும், மூடுபனி இறங்கினால் நாலடிக்கு அந்தப் பக்கம் தெரியாது, கல்குவியலைச் சுற்றிச் சுற்றி வந்து தப்பான பக்கம் இறங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. வெள்ளியங்கிரியில் முன்னும் பின்னும் "சிவ சிவா" என்று கூட்டம் வரும், வழி தவற விடமாட்டார்கள். இங்கே உங்களைத் தவிர யாரும் இல்லாமல் போகலாம்.

ஜூனில் போங்க, இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். அதற்கு முன்னால் மே மாதத்தில் வெர்ன்சைடு போய்ப் பழகுங்க, லீட்ஸிலிருந்து கார்லைல் போகிற ரயிலில் ரிபிள்ஹெட்டில் இறங்கினால் 24 வளைவுப் பாலம் கண் முன்னால் நிற்கும், அதை ஒட்டியே பாதை தொடங்குகிறது. அந்தப் பாலத்தைக் கட்டிய 1870-களில் விபத்திலும் அம்மையிலும் செத்த கூலியாட்கள் ஏராளம். அடிவாரத்தில் சேப்பல்-லி-டேல் சர்ச்சில் புதைத்திருக்கிறார்கள், நேரம் இருந்தால் அங்கேயும் போங்க. கணுக்காலை மூடுகிற பூட்ஸ், தண்ணீர் புகாத சட்டை, தலையில் கட்டுகிற டார்ச், காகித வரைபடம், விசில் இவை இல்லாமல் கிளம்பாதீங்க. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சிக்கிக்கொண்டால் 999 அடித்து போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்க. சிக்னல் சரியில்லாத இடத்தில் குறுஞ்செய்தியாவது போகும், அதற்கு உங்கள் எண்ணை முன்கூட்டியே 999 சேவையில் பதிவு செய்து வைக்க வேண்டும், இன்றைக்கே செய்துவிடுங்க. வருகிறவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்கள், காசு கேட்க மாட்டார்கள். காசு கேட்க மாட்டார்கள் என்பதற்காகவே அவர்களை நடுராத்திரியில் மலை ஏற வைக்கக்கூடாது.

கே: முழங்கால் தேய்மானம். நடக்காமல் பார்க்கக்கூடிய உச்சி உண்டா? மகள் லூட்டனில் இருக்கிறாள். (கரூர் வாசகி)

ப: உங்களுக்கென்றே வைத்த மாதிரி டன்ஸ்டபிள் டவுன்ஸ் இருக்கிறது அம்மா, லூட்டனுக்குப் பக்கத்திலேயே. பெட்ஃபோர்ட்ஷயரின் உச்சி, 243 மீட்டர். மேட்டின் விளிம்பு வரை கார் போகும், கழிப்பறை, டீக்கடை, உட்கார இருக்கை எல்லாம் உண்டு. சக்கர நாற்காலி தள்ளுகிற மாதிரி பாதையும் இருக்கிறது. கீழே சமவெளியில் 1930-லிருந்து நடக்கிற கிளைடர் சங்கத்தின் மைதானம், என்ஜின் இல்லாத விமானங்கள் சரிவில் மோதி மேலெழும் காற்றைப் பிடித்து உங்கள் கண் மட்டத்துக்கே வந்து திரும்பும். சசெக்ஸ் பக்கம் போக நேர்ந்தால் டிட்ச்லிங் பீக்கனும், 248 மீட்டர், கிட்டத்தட்ட அப்படித்தான், கார் உச்சிக்கு அருகிலேயே நிற்கும். சர்ரேயில் இருக்கிற லீத் ஹில்லை மட்டும் இந்தத் தடவை விட்டுவிடுங்க. 294 மீட்டர் மலைமேல் 1765-இல் ரிச்சர்ட் ஹல் என்பவர் கட்டிய கோபுரம் அருமையாக இருக்கும், அவரையே அதன் அடியில்தான் புதைத்திருக்கிறார்கள், ஆனால் கடைசி ஏற்றம் செங்குத்து, கோபுரத்துக்குள் சுழல்படி வேறு. டன்ஸ்டபிளுக்கு வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை போவதென்றால் காலை பத்து மணிக்கு முன்னால் போய்ச் சேருங்க, பட்டம் விடுகிற கூட்டம் வந்துவிட்டால் அப்புறம் கார் நிறுத்த இடம் கிடைக்காது.